அந்தோணிக்குப் போட்ட சால்வை

எங்கள் மயூர் விஹார் சொசைட்டியில் 1971 போரின் வெற்றி நாளுக்குப் பேனர் கட்டினார்கள். மூன்றாம் மாடி ராமசுப்ரமணியனின் படம். கீழே, 'எதிரியின் எண்ணெய்க் கிடங்கை எரித்த விமானி'. தகவல் என்னுடையதுதான். அவர் வீட்டு ஹாலில், போர் விமானத்துக்குள் அவர் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. ஓட்டாதவருக்கு அங்கே என்ன வேலை என்று லிஃப்டில் நாலு பேரிடம் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பேனரைப் பார்த்ததும் மனிதர் செகரட்டரி கல்யாணராமனைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பைலட் இல்லை. குண்டு ஏத்தினவன். மாத்துங்கோ."

"அச்சா சார், அடுத்த வருஷம் மாத்திடலாம். சீஃப் கெஸ்ட் கிளம்பியாச்சு. சால்வையை வாங்கிண்டு சிரிச்சாப் போறும்."

"அந்தோணி பார்த்துண்டிருப்பான். அவன் பேரைச் சொல்லாம சால்வையைத் தொடமாட்டேன்."

அந்தோணி யாரென்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளுமா? முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ராமசுப்ரமணியன் தன் செல்போனை என்னிடம் கொடுத்து, "மேடையைப் பார்த்துப் பிடியுங்கோ. ஆட்டாதேங்கோ" என்றார். வீடியோ அழைப்பில், தூத்துக்குடியிலிருந்து ஒரு வழுக்கைத் தலை. கையாட்டினார். இரண்டு விரல் இல்லை. ஏன் என்று கேட்பதற்குள் மேடையில் சால்வையைப் பிரித்துவிட்டார்கள்.

ராமசுப்ரமணியன் சால்வையை ஒதுக்கி, மைக்கை வாங்கினார்.

"முதல் தடவை போன விமானம் கிடங்கைத் தவறவிட்டுத் திரும்பிடுத்து. உடனே மறுபடி போகணும். குண்டைத் தூக்கற ஜாக் உடைஞ்சு கிடக்கு. கால் டன் குண்டு. ஆறு பேர் தோள் கொடுத்தோம். மாட்டறச்சே அந்தோணி விரல் நசுங்கித்து. குண்டு மாட்டற வரைக்கும் அவன் வாயே திறக்கலை. அத்தனை ஜல்தியாத் திரும்பி வருவோம்னு எதிரி நினைக்கலை. கிடங்கு எரிஞ்சுது. டீசல் இல்லாம அவா டாங்கியெல்லாம் நடுவழியில நின்னுது. பைலட்டுக்குப் பதக்கம் கொடுத்தா. அது தகும். அந்தோணி பேரை இன்னிக்கு வரைக்கும் யாரும் மைக்கில சொல்லலை. சொல்லிட்டேன்."

சொல்லியும் அவர் மைக்கை விட்டு நகர்வதாக இல்லை. சீஃப் கெஸ்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்போ இந்தச் சால்வை?" என்றார் கல்யாணராமன்.

ராமசுப்ரமணியன் என் கையைக் காட்டினார். இருபது வருஷமாக எதையும் மாற்றிப் பழகாத செகரட்டரி, படியிறங்கி வந்து, என் கையிலிருந்த செல்போனுக்கே சால்வையைப் போர்த்தினார்.

சால்வைக்குள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏல சுப்ரமணி, அங்கன கரண்டு போச்சால?"

பேனரில் 'விமானி'யை மறைத்து ஒட்ட என் வீட்டுக் காலண்டர் தாள்தான் போயிற்று. நியாயந்தான்.