ஊருக்குப் போட்ட துண்டு

எங்கள் ஊர் கப்பலேறிப் போனபோது, இடம் பிடித்து வைக்க என்னை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

முன்னெல்லாம் வீட்டுக்கு ஒருவர்தான் போவார்கள். ரங்கூனுக்கு, பினாங்குக்கு, பிறகு துபாய்க்கு. ஒவ்வொரு தடவையும் துறைமுகத்தில் நின்று ஊரே அழும். அழுது மாளவில்லை. இந்த முறை மொத்தமாகப் போய்விட்டால் யாரும் யாருக்காகவும் அழ வேண்டியதில்லை என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள்.

தெருக்களைப் பாய் மாதிரி சுருட்டினார்கள். மாதா கோயிலும் பள்ளிவாசலும் பத்திரமாக ஏறின. தேரை முதலில் ஏற்றிவிட்டதால் இறக்கும்போது அது கடைசியில்தான் வரும் என்று ஒரு சண்டை வந்தது. சண்டையையும் ஏற்றிக்கொண்டார்கள்.

"திரும்பி வந்தா எடம் வேணும்ல? யாராச்சும் துண்டு போட்டு உக்காரணும்" என்றார் கவுன்சிலர் நாகூர்கனி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தீபாவளிக் கூட்டத்திலும், பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு வீசி மூன்று பேர் சீட்டைப் பிடிப்பவன் நான். என் திறமையை ஊர் அறியும். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

என் மனைவி அம்சவல்லி கப்பல் ஏணியில் நின்று சொன்னாள். "எடத்த மட்டும் விட்டுடாதீங்க. விட்டா நான் எங்க வந்து எறங்குவேன்?"

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

வெறும் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். துண்டு இருந்தால் ஊர் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாத் துறைமுகங்களும் ஒப்புக்கொண்ட முறை இது.

டவுன் பஸ் மட்டும் வழக்கம்போல வந்தது. பலகையில் எங்கள் ஊர்ப் பெயர்தான். கண்டக்டர் சபாபதி இறங்கி வந்து ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார்.

"இன்னும் வரலையா?"

"வந்துடுவாங்க."

"அதுவரைக்கும் கொஞ்சம் கால நீட்டிப் படுக்கறதுதானே?"

"படுத்தா, தூங்கிட்டான்னு எடத்த எடுத்துக்குவாங்க சார்."

அவர் தலையாட்டிவிட்டு விசில் அடிப்பார். பஸ் காலியாகத் திரும்பிப் போகும்.

என்னால் நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. காற்றடித்தால் துண்டு ஒரு முழம் நகரும். ஒரு முழம் நகர்ந்தால் தபாலாபீஸ் கடலுக்குள் போய்விடும். இழுத்து இழுத்துச் சரி செய்தேன். கடலில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், துண்டின் முனைகளை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். நம் ஊரா, வேறு ஊரா?

வேறு ஊர்கள்தான் வந்தன. இப்போதெல்லாம் நிறைய ஊர்கள் இடம் தேடி அலைகின்றன. முதலில் ஓர் ஊர் பனியும் புகைபோக்கிகளுமாக வந்து நின்றது. அதன் மேயர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஏதோ கேட்டார். பாஷை புரியவில்லை. "ஆள் வராங்க" என்று துண்டைத் தட்டிக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து பழைய காலத்து ஊர் ஒன்று பாய்மரக் கப்பலில் வந்தது. எல்லார் உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"இது எங்க எடம் தம்பி" என்றார் ஒரு முத்து வியாபாரி. "ஒனக்கெல்லாம் முந்தி நாங்கதான் இங்க இருந்தோம். கடல் கொண்டுபோயிருச்சு."

"போகும்போது துண்டு போட்டுட்டுப் போனீங்களா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் போடவில்லை.

"அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

கப்பலையும் இழுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கி நடந்தார்கள். ஒரு பெண் மட்டும் கழுத்தளவுத் தண்ணீரிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் எனக்கு அம்சவல்லி வேண்டும். வேறென்ன செய்வது?

அப்புறம் நாள் தவறாமல் வந்தார்கள். குண்டு விழுந்து ஓட்டையான ஊர். வெயில் தாங்காமல் கிளம்பிய ஊர். எதற்குக் கிளம்பினோம் என்பதே மறந்துபோன ஊர். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் என் பதில் வாயில் இருக்கும். நிமிர்ந்து முகம் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். தலைமுடி தோளுக்கும் தாடி நெஞ்சுக்கும் இறங்கிவிட்டன. சலூன் ஊரோடு போயிருந்தது.

ஒரு மத்தியானம் துண்டின் மேல் நிழல் விழுந்தது.

"அண்ணே, இங்க யாராச்சும் வராங்களா?"

"ஆள் வராங்க."

"சரிங்கண்ணே. தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ஊரு எடம் மாதிரி இருந்துச்சு, அதான் கேட்டேன். எங்க வீட்டுக்காரர் துண்டு போட்டு உக்காந்திருப்பாரு. ஆனா அவரு வேற மாதிரி இருப்பாரு."

நிழல் விலகியது. குரல் காதில் விழுந்து மண்டைக்கு ஏற அவ்வளவு நேரம் பிடித்தது எனக்கு. நிமிர்ந்து பார்த்தபோது அம்சவல்லி கப்பல் ஏணியில் பாதி ஏறியிருந்தாள்.

"கேட்டியாம்மா?" என்றார் மேலிருந்து நாகூர்கனி.

"கேட்டேன் பாய். ஆள் வராங்களாம்."

கப்பல் சங்கு ஊதியது. அவள் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன். "ஆள் வராங்க" என்றுதான் வந்தது. திரும்பவும் கத்தினேன். திரும்பவும் அதுவே வந்தது. துண்டை உருவிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி, தலைக்கு மேல் சுழற்றி வீசினேன்.

யாரோ முன்பின் தெரியாதவன் வழியனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். ஊரே மேல்தளத்துக்கு வந்து கையசைத்தது. அம்சவல்லியும் ஒரு மரியாதைக்குக் கையசைத்துவிட்டு உள்ளே போனாள். கப்பல் தேய்ந்து புள்ளியாகும்வரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன்.

திரும்பினால், கரையில் துண்டு கிடந்த இடத்தில் வேறோர் ஊர் உட்கார்ந்திருந்தது. குக்கர்கள் விசில் அடித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் யூனிஃபார்மில் போனார்கள். சபாபதியின் பஸ்ஸில் வேறு பெயர்ப் பலகை தொங்கியது. அவர் என்னைப் பார்த்து, ஏறுகிறேனா என்று சைகையில் கேட்டார்.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் பேசியது என்ன பாஷையோ, எனக்குப் புரிந்தது.

"ஊருக்குப் புதுசா?"

"ஆமாங்க."

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்."

அவள் ஈரச் சேலையை ஓரமாக ஒதுக்கி, வாசல் நிழலில் நான் உட்கார இடம் விட்டாள்.