மூன்று வீட்டுத் 'தாக்'

வசந்தம் பிறந்ததும் போலந்துப் பெண்கள் பீட்ரூட் வயல் வேலைக்கு டென்மார்க்கின் லோலாண்ட் தீவுக்கு வருவார்கள். பனி கொட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். மார்ச்சியன்னாவும் அப்படி வந்தவள்தான். மூன்று வருடமும் ஒரே பண்ணை.

அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொண்டவன் லௌரிட்ஸ். முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாள். "தாக்" என்றான். அவனுடைய டேனிஷ் மொழியில் அது நன்றி. இவளுடைய போலிஷ் மொழியில் 'ஆமாம்'. இன்னும் கேட்கிறான் என்று நினைத்து மறுபடி ஊற்றினாள். மறுபடியும் "தாக்". இப்படியே போய், கடைசியில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாயத்துச் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"விட்டுருடி, ஆளு வெடிச்சிரப் போறான்!" என்று கத்தினாள் கூட வேலைக்கு வந்த சித்தப்பா மகள் ரொசால்கா.

விஷயம் விளங்கியபோது மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அதன்பிறகு மார்ச்சியன்னா எதைக் கேட்டாலும் லௌரிட்ஸ் அவள் மொழியில் "தாக்" என்பான். அவனுக்குப் பேச வந்த போலிஷ் அவ்வளவுதான்; ஆனால் அவள் மெதுவாகப் பேசினால் போகப் போகப் புரிந்துகொண்டான்.

மூன்றாவது இலையுதிர் காலத்தில், ரயிலடியில், தான் பின்னிய கம்பளிக் கையுறைகளை அவன் கையில் திணித்தாள். டேனிஷில் கேட்க வாய் வரவில்லை. தன் மொழியிலேயே மெதுவாகக் கேட்டாள்: "வசந்தத்துல நான் வந்தா, உன்கூடவே இருந்துரட்டுமா?"

அவன் முகம் சிவந்தது. கையுறைகளையே பார்த்துக்கொண்டு, "தாக்" என்றான்.

கேட்டதற்குச் சொன்னானா, கொடுத்ததற்குச் சொன்னானா? அவள் மறுபடி வாய் திறப்பதற்குள் மேஸ்திரி எல்லோரையும் வண்டியில் ஏற்றிவிட்டான். வழி முழுக்க அதே யோசனை. ஆமாம் என்று சொல்கிறவன் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டானா? கப்பல் கரை சேர்வதற்குள் அவளே முடிவு கட்டிவிட்டாள்: நாசூக்காக நன்றி சொல்லி அனுப்பிவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ரொசால்காவிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அப்பா ஒரு மாப்பிள்ளை பார்த்தார். பக்கத்து மர அறுவை ஆலையில் வேலை செய்யும் செக் மொழிக்காரன், மாத்தோஷ். அவள் மறுக்கவில்லை. தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம் முடிந்தது. நல்ல மனிதன், குடிக்கமாட்டான். ஆனால் அவன் பேச்சிலும் அந்தச் சொல் இருந்தது. 'சரி, அப்போ' என்பதற்கு அவர்கள் "தாக்" என்பார்கள். "தாக், கிளம்பறேன்." "தாக், சாப்பிடலாமா?" ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்று குத்தும்.

வசந்தத்தில் ரொசால்கா மட்டும் தீவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது மார்ச்சியன்னாவுக்கு ஏழு மாதம்.

"ஏன்டி அந்த மனுசன இப்படிப் பண்ணின?" என்றாள் ரொசால்கா, வந்ததும் வராததுமாக. "ரயில் நின்னதும் ஓடி வந்து பெட்டி பெட்டியாத் தேடினான். பண்ணையோரமா ஒரு வீடு வாடகைக்குப் பிடிச்சு வெள்ளையடிச்சு வச்சிருக்கான். உனக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

"எனக்கு அவன் நன்றிதானேடி சொன்னான்?"

"உன் பேச்சுலதான் சொன்னானாம். 'நான் சரியாச் சொல்லலையா?'ன்னு எங்கிட்டத் திரும்பத் திரும்பக் கேட்டான்."

மார்ச்சியன்னா அடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை சுட்டது தெரியவில்லை.

அடுத்த வசந்தத்தில், தான் தப்பாகப் புரிந்துகொண்டதை அவனிடம் சொல்லிவிடும்படி ரொசால்காவைக் கெஞ்சி அனுப்பினாள். ரொசால்கா சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான், அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கூலிக்காரர் விடுதிவரை வந்து வைத்தான்.  அந்த வருடமே அமெரிக்கா போய்விட்டான்.

அவன் போன செய்தி வந்த பிறகு, மார்ச்சியன்னா புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்ட மாத்தோஷ், "நான் அதச் சொல்றப்பல்லாம் உனக்கு வலிக்குமா?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

மறுநாள் முதல் அவன் அந்தச் சொல்லை விட்டுவிட்டான். ஆனால் அது இல்லாமல் அவனுக்குப் பேச்சைத் தொடங்கவே தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்காருவான், வாய் திறப்பான், மூடிக்கொள்வான். நாளாக ஆக வீட்டில் குழந்தையின் சத்தம் மட்டும்தான்.

ஒருநாள் அவளுக்குத் தாங்கவில்லை. "ஏதாச்சும் பேசுங்களேன்," என்றாள். "அந்தச் சொல்லச் சொல்லியே வேணும்னாலும் பேசுங்க. நான் கேக்கறேன்."

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், சங்கடமாக; அந்தச் சொல் இப்போது அவன் நாவில் எழவில்லை. பிறகு பசுவுக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனான்.