கைகள் தெரியும்படி

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், வீடியோ எடுக்கும் ஜான்சி கடலூர் செம்மண்டலத்திலிருந்த மோனிகாவின் வீட்டுக்கு வந்தாள். கேமரா கொண்டுவரவில்லை. ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மாலை எடுத்துக் கொடுப்பது யார், யாருக்கும் யாருக்கும் இடையில் பேச்சுவார்த்தை இல்லை என்றெல்லாம் கேட்டாள். தாய்மாமன் ராஜவேலுக்கு அது பிடிக்கவில்லை. மோனிகாவின் அப்பா இறந்த பிறகு, சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே அக்கா குடும்பத்தையும் தாங்கியவர் அவர்.

“எதுக்கும்மா இவ்ளோ ஜாஸ்தி? மண்டபத்துல ஆளுக்கொரு போன் வச்சிருப்பாங்க. அவுங்க எடுக்கறத வாங்கிக்கிட்டா ஆச்சு.”

“அவுங்க எல்லாருமே மேடையத்தான் எடுப்பாங்க சார்,” என்ற ஜான்சி, மோனிகாவிடம் திரும்பினாள். “நான் யார விட்டுடக் கூடாது, சொல்லும்மா.”

மோனிகா அடுப்படியைப் பார்த்தாள். அம்மா அமராவதி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள், பேச்சும் இல்லை. எந்தப் பள்ளியிலும் சைகை படித்ததில்லை. தாயும் மகளும் இருபத்தாறு வருஷமாகத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சுதான் அந்த வீட்டின் பாஷை.

“எங்கம்மாவை. மூஞ்ச மட்டும் எடுத்தா பத்தாதுக்கா. கை தெரியணும்.”

ஜான்சி அதை எழுதி அடிக்கோடிட்டாள்.

முகூர்த்தத்தன்று அமராவதி மேடை ஏறவில்லை. யாரும் தடுக்கவில்லை. புருஷனை இழந்தவள் என்று அவளாகவே கீழே ஒரு தூணோரம் ஒதுங்கிக்கொண்டாள். தாலி ஏறி, அட்சதை விழுந்து ஓய்ந்ததும் மோனிகா நிமிர்ந்து தேடினாள். தூணோரம் யாருமில்லை. பிறகு பந்தியில்தான் அம்மாவைப் பார்த்தாள், இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டிலாக வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் போயிட்ட என்று கையால் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று அம்மா கையை உதறிவிட்டாள்.

அந்த உதறல் சிதம்பரத்திலிருந்த புகுந்த வீடு வரை மோனிகாவின் கூடவே வந்தது. கணவன் செம்பியன் வேலைக்குக் கிளம்பியதும், பாத்திரம் கழுவும்போது, துணி உலர்த்தும்போது அதுவே கண்முன் நிற்கும். அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்தில் மனமில்லையோ? தன்னோடு பேச இருந்த ஒரே ஆளும் போகிறாள் என்ற கோபமோ? கேட்கவும் பயமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வீடியோ வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் செம்பியனும் அவளும் உட்கார்ந்து பார்த்தார்கள். கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் மேடைக்கு முன்னால் போன்கள் எழுந்து மறைத்தன. அப்போது ஜான்சியின் குரல் கேட்டது. “அண்ணே, கொஞ்சம் உக்காருங்க. பொண்ணோட அம்மாவுக்கு மறைக்குது. நான் எல்லாருக்கும் அனுப்பறேன்.” ஒன்றிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியில் அமராவதி முழுசாகத் தெரிந்தாள். அவளுக்கென்றே இன்னொரு கேமராவை நிறுத்தியிருந்தாள் ஜான்சி. அங்கே மட்டும் பாட்டும் சேர்க்கவில்லை.

அமராவதி இரண்டு விரலால் தன் மோவாயை உயர்த்திக் காட்டினாள். மேடையில் மோனிகா குனிந்தே இருந்தாள். மறுபடி காட்டினாள். மூன்றாம் முறையும் காட்டினாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சில் அழுத்தி, மெதுவாக மேடையை நோக்கி விரித்தாள். அட்சதை பறந்தது. கண்கள் நிறைந்ததும், நல்ல நேரத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனாள்.

“அத்தை என்ன சொல்றாங்க?” என்றான் செம்பியன்.

மோனிகா வீடியோவை நிறுத்தினாள். “நிமிருன்னு சொல்றாங்க. குனிஞ்சிருந்தா எங்க பேச்சு நடக்காது இல்ல... அப்புறம், பாக்கலன்னா போவுது, நல்லா இருன்னு சொல்லிட்டாங்க.”

சாயங்காலம் ராஜவேல் போன் செய்தார். அவருக்கும் வீடியோ வந்திருந்தது. “கூடப் பொறந்து இத்தினி வருஷம், எங்கக்கா கையைப் பாத்ததே இல்லம்மா நானு,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை இருவரும் கடலூர் பஸ்ஸில் ஏறினார்கள். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் செம்பியன் கேட்டான்:

“நாலு நாள் எங்க வீட்டுல வந்து இருங்க அத்தைன்னு எப்படி சொல்றது?”

மோனிகா ‘வா’வையும் ‘இரு’வையும் காட்டினாள். அதற்குமேல் கை நின்றுவிட்டது. சிதம்பரத்துக்கு அவர்கள் பேச்சில் இன்னும் சொல்லே இல்லை.

“அப்ப நாம புதுசா ஒண்ணு வச்சுக்கலாம்,” என்று செம்பியன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, விரல்நுனிகளைக் கோபுரம்போலச் சேர்த்தான். யாரோ இறங்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கண்டக்டர் விசில் ஊதினார். வயலைத் தவிர எதுவுமில்லாத இடத்தில் பஸ் வேகம் குறைந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையை இறக்கவில்லை. மோனிகா சிரித்துக்கொண்டே அவனுடைய முழங்கைகளை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினாள்.