பன்னிரண்டாவது ஆள்

"நீ காலத் துடை, நான் முகத்தப் பாத்துக்கறேன்" என்று அம்மா ஈரத்துணியை நீட்டினாள். மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொடக்கூடாதும்மா."

"ஏன்?"

"ரூல்."

அம்மா கட்டிலில் கிடந்த அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அவரு போய் ஒன்றரை மணி நேரமாச்சு. இன்னும் என்னடி ரூலு?"

அந்த ரூல் எழுத்தில் இருந்தது. மகள் ஆறு வருடமாக ஒரு ஆய்வுக்கூடத்தில் இறால் ஓட்டை அமிலத்தில் ஊறவைத்து, காரத்தில் வேகவைத்து, மிஞ்சும் வெள்ளைத் தூளைக் கரைத்துத் தட்டில் ஊற்றிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்தால் வெங்காயச் சருகு மாதிரி ஒரு தாள் வரும். அதை ஆறாத புண்மேல் ஒட்டினால் சீக்கிரம் ஆறும் என்பது அவள் கட்சி. அதை நிரூபிக்க, படுக்கையிலேயே கிடந்து இரண்டு குதிகாலிலும் புண் வந்த பன்னிரண்டு பேர் வேண்டும். ஒரு காலுக்குத் தாள், மறு காலுக்குச் சாதாரண ஈரத்துணி. மேலே இரண்டுக்கும் ஒரே மாதிரி கட்டு. எந்தக் காலில் எது என்று கட்டுகிற நர்ஸுக்கு மட்டும் தெரியும்.

பதினோரு பேர் ஆஸ்பத்திரியில் கிடைத்தார்கள். பன்னிரண்டாவது ஆள் வீட்டிலேயே இருந்தார். இதயம் பலவீனமாகி நான்கு மாதமாகப் படுக்கை, இரண்டு குதிகாலிலும் நாணயம் அகலத்துக்குப் புண். ஆய்வாளரின் அப்பாவைச் சேர்க்கலாமா என்று ஏழு பேர் கொண்ட கமிட்டி மூன்று முறை கூடி, மூன்று முறை டீ குடித்து, சேர்க்கலாம் என்று சொன்னது. ஆனால் ஆய்வு முடியும்வரை மகள் அந்தக் குதிகால்களைப் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது, அளக்கக் கூடாது. கீழே ஏழு கையெழுத்து. அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். "பெத்த பொண்ணு அப்பன் கால்ல விழக்கூடாதுன்னு ஏழு பேரு கையெழுத்துப் போட்டிருக்கான். இது யாருக்குக் கிடைக்கும்?"

பத்து மணிக்கு நர்ஸ் தன் பெட்டியோடு வந்தாள். திங்கட்கிழமை, அளவு எடுக்கிற நாள். விஷயம் வாசலில்தான் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டாள். பிறகு மறுபடி கழற்றினாள்.

"அக்கா... இன்னைக்கு ஆறாவது வாரம். கடைசி அளவு."

"எடுங்க."

"இப்பவா?"

"ஃபாரத்துல 'ஆறாம் வாரம்'னுதான இருக்கு. உயிரோடன்னு இல்லையே" என்றாள் மகள். சொன்ன பிறகு தன் குரல் வழக்கம்போல இருந்ததைக் கவனித்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். எதிர் வீட்டு மாடியில் ஒருவர் போர்வை உதறிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் கத்தரிக்கோல் சத்தம். கண்ணாடித் தாளைப் புண்மேல் வைத்துப் பேனாவால் ஓரம் வரையும் சத்தம்கூடக் கேட்டது, அவ்வளவு அமைதி. நர்ஸ் கட்டங்களை முணுமுணுத்து எண்ணி, எழுதி, உறையில் போட்டு ஒட்டினாள்.

"முடிஞ்சது அக்கா. இனிமே நீங்க பாக்கலாம்."

மகள் திரும்பினாள்.

இடது குதிகால் மூடியிருந்தது. புதுத் தோல், வெளிர் சிவப்பு, மெல்லிசான பளபளப்பு. பதினோரு பேரில் ஒருவருக்கும் இப்படி ஆறியதில்லை. வலது குதிகாலில் எலுமிச்சம்பழம் வைக்கிற அளவுக்குப் பள்ளம். ஓரம் கறுத்து, நடுவில் மஞ்சள். நர்ஸ் முகமூடியைக் கழற்றவில்லை.

மகளுக்கு முதலில் தோன்றியது சதவீதம். எவ்வளவு வித்தியாசம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டு விடையும் சொல்லிவிட்டது. அடுத்ததாகத்தான் அது அப்பாவின் கால் என்பது வந்தது.

மூன்றாவதாக வந்தது சந்தேகம். மற்ற பதினோரு பேருக்கும் இரண்டு புண்ணுமே கொஞ்சமாவது சுருங்கின. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட்டாலே பாதிப் புண் ஆறும். இது வளர்ந்திருந்தது.

"அம்மா, தலைகாணி ரெண்டு காலுக்கும் வச்சீங்கதான?"

அம்மா துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே இன்னொரு முறை பிழிந்தாள்.

"வச்சேன்."

"அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?"

"நான் வப்பேன். அந்தப் பக்கம் போனதும் வலது கால எடுத்துக் கீழ வச்சுக்குவாரு. திட்டுனா, 'நீ வெளிய போ, பரீட்சை நடக்குது'ம்பாரு."

"அவருக்கு எப்படித் தெரியும், எந்தக் கால்ல எதுன்னு?"

அம்மா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ்தான் தலையைக் குனிந்தபடி சொன்னாள். "கட்டு பிரிக்கும்போது துணி ஒட்டிக்கிட்டு இழுக்கும் அக்கா, வலிக்கும். தாளு வலிக்காது. மொத வாரமே சார் சிரிச்சாரு. 'இழுத்தா துணி, இழுக்கலன்னா எம் பொண்ணு'ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லலக்கா. நான் தலையக்கூட ஆட்டல."

அப்பா முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார். பரீட்சை ஹாலில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். பனியனுக்குள் ஒளித்த பிட்டை நான்கு பெஞ்ச் தள்ளி நின்றே சொல்லிவிடுவார். சொந்தத் தங்கை மகனைப் பிடித்துக்கொடுத்து, மூன்று வருடம் அந்த வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போகாமல் இருந்தவர். அந்த மனிதர் தலையணையிலிருந்து ஒரு காலை நழுவவிட்டு, ஆள் வரும் சத்தம் கேட்டால் மறுபடி தூக்கி வைத்து, ஆறு வாரம் மாட்டாமல் இருந்திருக்கிறார். பிட்டோடு பிடிபட்ட பையன்களிடமிருந்து நேரடியாகக் கற்ற வித்தை.

மகள் விரிப்பை விலக்கினாள். மெத்தையில் வலது பக்கம் ஒரே இடத்தில் துணி தேய்ந்து நூல் தெரிந்தது. சும்மா வைத்திருக்கவில்லை, தேய்த்திருக்கிறார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீதான ஒருநாள் ஹால்ல நின்னு போன்ல பேசுன. பதினோரு பேரு பத்தல சார், இன்னும் ஒரே ஒரு ஆளு நல்லா வந்தா நின்னுரும், இல்லன்னா ஆறு வருஷமும் தண்ணிதான்னு." அம்மா அப்பாவின் காது மடலைத் துடைத்தாள். "அவருக்கு இதயம்தான் வீக்கு. காது நல்லாத்தான் கேட்டுச்சு."

மகள் ஜன்னலைப் பார்த்தாள். போர்வை உதறியவர் உள்ளே போய்விட்டிருந்தார்.

"வலிச்சிருக்கும்ல" என்றாள் மகள்.

"உங்கப்பாவுக்கா? பல்லக் கடிச்சுக்கிட்டு சீலிங்கப் பாப்பாரு. என்னன்னு கேட்டா வாய்ப்பாடு சொல்றேம்பாரு."

மேஜைமேல் டாக்டர் எழுதிக்கொடுத்த சான்றிதழ் இருந்தது. இறப்புக்குக் காரணம் இரண்டு வரி. முதல் வரியில் இதயம், இரண்டாவதில் புண்ணிலிருந்து ரத்தத்தில் பரவிய கிருமி. மகள் முதல் வரியை இரண்டு முறை படித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

அதற்குள் போன் அடித்தது. ஆய்வுக்கூடத்து டைரக்டர். நல்ல மனிதர்தான். துக்கம் விசாரிக்கத் தெரியாது, அவ்வளவே.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. எவ்ளோ பெரிய மனுஷன்." இரண்டு நொடி இடைவெளி விட்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "கடைசி அளவு...?"

"எடுத்தாச்சு சார். இடது முழுசா மூடிருச்சு. வலது மோசம்."

"அப்போ நின்னுருச்சும்மா. அவரு ஆத்மா..."

"சேக்க முடியாது சார்."

"ஏன்?"

"வலது கால அவரே கெடுத்துக்கிட்டாரு. வேணும்னே. அம்மா பாத்திருக்காங்க, மெத்தையும் தேஞ்சிருக்கு."

போனில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. டைரக்டர் அறை மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை இருமும்.

"இது உங்க வீட்டு விஷயம்" என்றார் மெல்ல. "யாரும் வந்து மெத்தையப் பாக்கப் போறதில்ல."

"நான் பாத்துட்டேன் சார்."

"பதினொண்ண வச்சு நிக்காதும்மா. நடுவுல ஒருத்தர மாத்திச் சேக்கக் கமிட்டி விடாது, மொதல்ல இருந்து ஆளு சேக்கணும். ரெண்டு வருஷம். ஃபெலோஷிப் மார்ச்சோட முடியுது உனக்கு."

"தெரியும்."

"இன்னைக்கு முடிவு பண்ணாத. காரியமெல்லாம் முடியட்டும்."

"இன்னைக்கே எழுதிடறேன் சார். நாளைக்குன்னா எழுத மாட்டேன்."

நர்ஸின் பெட்டிமேல் ஃபாரத்தை வைத்து எழுதினாள். 'பங்கேற்பாளர் பன்னிரண்டு: நீக்கப்பட்டார்.' காரணம் என்ற கட்டம் அரை விரல் அகலம்தான். பேனா கொஞ்ச நேரம் அங்கே நின்றது. 'கட்டுகள் எது எதுவென்று பங்கேற்பாளர் அறிந்திருந்தார்' என்று எழுதினாள். பொய் இல்லை. கையெழுத்துப் போட்டாள். நர்ஸும் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் அம்மா தன் பெயரை எழுத்துக்கூட்டி, கொஞ்சம் கோபமாக எழுதினாள்.

"எக்ஸ்ரேகிட்ட இருந்து தப்பிச்சவன் கிடையாதும்பாங்க" என்றாள் அம்மா. "கடைசில அவரையே நீ புடிச்சுக் குடுத்துட்ட."

திட்டா பாராட்டா என்று மகள் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு வண்டி வந்தது. மாடிப்படி குறுகல். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக் கால் பக்கத்தை முன்னால் விட்டு இறங்கினார்கள். ஸ்ட்ரெச்சர் அப்பாவின் உயரத்துக்கு நாலு விரல் குட்டை. இரண்டு குதிகாலும் முனையில் இருந்த இரும்புக் கம்பிமேல் உட்கார்ந்து, படிக்குப் படி இடித்தன. முன்னால் இருந்த டிரைவருக்கு அது தெரியவில்லை.

முதல் திருப்பத்தில் மகள் பக்கவாட்டில் நுழைந்து, கம்பிக்கும் வலது குதிகாலுக்கும் நடுவில் உள்ளங்கையைக் கொடுத்தாள்.

"மேடம், சுவத்துல கை நசுங்கிரும், எடுத்துக்கங்க."

"நீங்க இறங்குங்கண்ணே."

இன்னும் இரண்டு மாடி இருந்தது. அவள் சுவரோடு சுவராக, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.