நீலமாகாத தண்ணீர்

நீச்சல் டீச்சர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது மூன்று வாரத்துக்கு முன்பு. உலகம் மூன்று நாள் இருட்டில் கிடக்கப்போகிறது என்று யாரோ போனில் அனுப்பிய வீடியோவை நம்பி, அவளுடைய ஒன்பது வயது மகள் டார்ச் லைட்டையும் நாலு பிஸ்கட் பாக்கெட்டையும் தலையணைக்கு அடியில் பதுக்கிவைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"எதைக் கேட்டாலும் உடனே நம்பிடாதடி. யார் சொன்னது, அவங்களுக்கு எப்படித் தெரியும், கண்ணால பார்த்தாங்களான்னு கேளு," என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் வக்கீல்.

சனிக்கிழமை காலை. நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் வக்கீலோடு சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்று முதல்முறையாகக் கம்பியை விட்டு மல்லாந்து மிதக்க வேண்டும். பயப்படாமல் படுத்தால் எல்லோரும் மிதப்பீர்கள் என்று டீச்சர் போன வாரமே சொல்லியிருந்தாள். டீச்சரை நம்பினால்தான் உடம்பு தளரும், தளர்ந்தால்தான் தண்ணீர் தாங்கும். அவள் வழக்கமான எச்சரிக்கையோடு ஆரம்பித்தாள்.

"தண்ணியில யாராவது ஒண்ணுக்குப் போனா, சுத்தி நீலமா மாறிடும். மருந்து கலந்திருக்கோம்."

வக்கீல் கையைத் தூக்கினாள். "யார் சொன்னது?"

"நான்தான்."

"நீ கண்ணால பார்த்திருக்கியா?"

பதினோரு வருஷமாக அந்த மருந்துதான் குளத்தைக் காப்பாற்றிவந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கும் காப்பாற்றும். ஆனால் மகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு பேச்சு, குளத்தில் ஒரு பேச்சா? டீச்சரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல. அப்படி ஒரு மருந்தே கிடையாது. நான் பொய் சொன்னேன்."

நாலு முகங்களில் அப்பட்டமான நிம்மதி தெரிந்தது. அந்த நாலு பேரையும் டீச்சர் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

அந்த நாலில் ஒருத்தியான ஓட்டைப்பல்காரி கேட்டாள்: "அப்போ மிதப்போம்னு சொன்னதும் பொய்தானா மிஸ்?"

கம்பியில் அத்தனை கைகளும் இறுகின. போச்சு, இன்றைய வகுப்பு அம்பேல் என்று நினைத்தாள் டீச்சர்.

"அதை நான் சொல்லி நீங்க நம்ப வேணாம். பாருங்க," என்று தண்ணீரில் மல்லாந்து மிதந்து காட்டினாள்.

"நீ பெரியவ. எங்களைத் தாங்கும்னு எப்படித் தெரியும்?" என்றாள் வக்கீல்.

"அப்போ நீயே வந்து பாரு."

வக்கீல் கம்பியை விட்டு வந்து மல்லாந்தாள். டீச்சர் அவள் முதுகுக்கடியில் உள்ளங்கையை வைத்தாள். இந்த இடத்தில் டீச்சர்மார் இன்னொரு பொய் சொல்வது வழக்கம். பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன் என்றபடியே கையை எடுத்துவிடுவார்கள். இவளும் நூறு தடவை சொன்னவள்தான். இன்று நாக்கு எழவில்லை.

"கையை எடுக்கப்போறேன்," என்றாள். "எடுத்துட்டேன்."

வக்கீலின் உடம்பு ஒரு கணம் விறைத்தது. பிறகு தோள் மெல்லத் தளர்ந்தது. டீச்சர் இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"இது பொய்யில்ல," என்று கூரையைப் பார்த்தபடியே அறிவித்தாள் வக்கீல். "நானே மிதக்கிறேன்."

ஒவ்வொரு கையாகக் கம்பியை விட்டது. ஓட்டைப்பல்காரி மட்டும் அவசரமாகப் படியேறினாள்.

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன் மிஸ்."

"மருந்துதான் இல்லன்னு சொல்லிட்டேனே," என்றாள் டீச்சர்.

"இந்தத் தண்ணியிலதானே மிஸ் நாங்க படுக்கப்போறோம்?"

அவள் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் படியேறினார்கள்.