52-இல் தொடங்கும் வீடு

அம்மா வீட்டுத் தொலைபேசி எண்ணை அவள் மறுபடியும் தட்டினாள். மறுபடியும் 'நகர நிலையம்' என்றே திரையில் வந்தது. எரிச்சல் தலைக்கேறியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவரின் எண் எந்த இலக்கங்களில் தொடங்குகிறது என்று அட்டவணையில் தேடி, அந்தப் பகுதி நிலையத்துக்கு அழைப்பை அனுப்புவதுதான் அவள் எழுதிய நிரலின் வேலை. 52 என்றால் நகரம். 5271 என்றால் மலை. அம்மாவின் எண்ணுக்கு இரண்டுமே பொருந்தும். நீளமானதைத்தான் எடுக்க வேண்டும். பொருந்தியவற்றை நீளப்படி அடுக்க ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். அந்த வரியைக் காணோம்.

எடுத்தவர் மேலாளர். அவர் காதில் விழாதபோது அலுவலகமே அவரை 'அவசரம்' என்றுதான் சொல்லும்.

"அது இருந்தா தேடறது ஆமையா நகருதும்மா. இப்ப பறக்குது பாரு."

"தப்பான இடத்துக்குப் பறக்குது சார். எண்ணோட கடைசியில இருந்து ஒவ்வொரு இலக்கமா வெட்டித் தேடுனா, முதல்ல கிடைக்கறதே நீளமானது. வேகமும் குறையாது."

"காலையிலதான் ஓட விட்டிருக்கோம், கை வைக்காத. மலையில எத்தனை பேர் கூப்பிடப் போறாங்க?"

ஆஸ்துமாவோடு தனியாக இருக்கும் ஒருத்தி கூப்பிடுவாள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போய்விட்டார். இந்த மனுஷனுக்குக் கண்ணெதிரே காட்டினால்தான் உறைக்கும். அம்மாவைக் கைப்பேசியில் பிடித்தாள்.

"அம்மா, வீட்டு போன்ல இருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, சும்மா சோதனைக்குன்னு சொல்லிடு."

"நல்லா இருக்கறப்ப அது எதுக்குடி?"

"எனக்காகம்மா."

சற்று நேரத்தில் அம்மாவே கூப்பிட்டாள். "என்ன பண்ணுதுன்னு அவ்வளவு அக்கறையாக் கேட்டாங்கடி. வெக்கமாப் போச்சு, ஒண்ணும் பேசாம வச்சுட்டேன். இப்ப அதுல மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. நான் எடுக்க மாட்டேம்மா."

பேசாமல் வைத்துவிட்டு, திருப்பி அழைத்தாலும் எடுக்காவிட்டால், பேச முடியாத நோயாளி என்றே கணக்கு. வண்டி கிளம்பியாக வேண்டும்.

"சார்!" என்று கத்தினாள்.

அவசரம் ஓடி வந்து அவள் பின்னால் நின்றார். திரையில் விரிந்த வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி நகரத்தை விட்டு, மலையடிவாரத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, நிறுத்தச் சொல்லும்மா!"

"வண்டி வருதா?" அம்மா காதோரம் கேட்டாள். "வர்றவங்களுக்கு டீ போட்டு வைக்கவா?"

அவள் திரையில் இன்னொரு புள்ளியை அவருக்குத் தொட்டுக் காட்டினாள். அம்மா வீட்டுக்குப் பின்தெருவில், மலை நிலையத்து வண்டியின் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றிருந்தது.