வள்ளியம்மாள் கையில் இருந்த காப்பு

வள்ளியம்மாள் வருவது எப்போதும் காலை வேளையில்தான். நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பேன். குடம் நிரம்புகிற சத்தம் மாறும்போது திரும்பிப் பார்த்தால் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நிற்பாள். நனைந்த மஞ்சள் புடவை. இடது கையை வலது அக்குளுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். அந்த மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்பு நூல்.

பயப்படாதீர்கள், கண்ணுகளா. அவள் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. பேசினதும் இல்லை. கொஞ்ச நேரம் நிற்பாள், போய்விடுவாள். அவள் நின்ற இடத்தில் மண் ஈரமாக இருக்கும். நான்தான் தண்ணீரைச் சிந்தியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டு குடத்தைத் தூக்குவேன்.

அவள் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

செஞ்சி நெல் கமிட்டியில் வள்ளியம்மாள், நான், வளர்மதி மூன்று பேரும் ஒரே கூட்டு. விற்பனைக்கு வண்டி வண்டியாக நெல் வந்து கொட்டும். சிந்தியதைக் கூட்டித் தூற்றி மூட்டை பிடிப்பது எங்கள் வேலை. பதினெட்டு வருஷம் ஒரே தூசியைத்தான் மூன்று பேரும் தும்மினோம். எங்களில் நான் மூத்தவள், வளர்மதி சின்னவள். நடுவில் இருந்தவள்தான் முதலில் போனாள்.

இந்த வைகாசியில் ஒரு சனிக்கிழமை, வளர்மதியின் மகள் சுமலதா வேகமாக வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"பெரிம்மா, எங்கம்மா இன்னா பண்ணிட்டு வந்திருக்குது தெரியுமா? நேத்து கோயில்ல போய் காப்பு கட்டிக்கினு வந்திருக்குது!"

வளர்மதிக்கு மார்பில் கட்டி. சதை எடுத்துப் பரிசோதித்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும், புதன்கிழமை ஆபரேஷன். நானும் கூட வருவதாகச் சொல்லியிருந்தேன். நான் வந்தால்தான் போவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்திருந்தாள்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் காப்பு கட்டியவர்கள் தீ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தீமிதிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

"இந்த டேட்டை உட்டா அடுத்த டேட்டு எப்போன்னு தெரியாதுன்றாங்க. நான் சொன்னா கேக்கல. வள்ளி அத்தைய கத்தி வெச்சித்தானே சாகடிச்சாங்கன்னு கேக்குது. நீ வந்து சொல்லு பெரிம்மா."

அவள் பின்னாலேயே நடந்தேன். வழியெல்லாம் வெயிலில் கோட்டை மலைப் பாறைகள் காந்திக்கொண்டிருந்தன. எனக்கு மட்டும் குளிர்ந்தது.

வளர்மதி கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாக்கா. சிபாரிசுக்கு ஆள் கூட்டிக்கினு வந்திருக்குதா என் பொண்ணு? நீ ஒண்ணும் பேசாத, டீ குடிச்சிட்டுப் போ."

"திங்கக்கிழமை போவணுமேடி."

"போலாம். ஆத்தா நெருப்பை மிதிச்சிட்டு அப்புறம் போலாம். பதினேழு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

கண்ணுகளா, அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறேன் என்ன, சொன்னவளே நான்தான்.

அப்போதுதான் பார்த்தேன். வளர்மதிக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், வள்ளியம்மாள் நின்றாள். என் வீட்டுக் குழாயடியைத் தவிர வேறு எங்கும் அவளை நான் பார்த்ததில்லை. புடவை முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் என்னைப் பார்க்கவில்லை. வளர்மதியின் கையில் இருந்த காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"வளரு, வள்ளியைக் கத்தி கொல்லலடி. அவளுக்கும் இப்படித்தான் டேட்டு குடுத்தாங்க. சித்திரையில. சின்னக் கட்டி, சீக்கிரம் எடுத்துட்டா பொழைக்க வழி இருக்குதுன்னாங்க. ஊட்டுல யாருக்கும் சொல்லல அவ. எங்கிட்ட மட்டும் சொன்னா. நான்தான் காப்பு கட்டுன்னேன். தீ மிதிச்சிட்டுப் போலாம், ஒரு மாசத்துல இன்னா ஆயிடப் போவுதுன்னு நான்தான் சொன்னேன்."

வளர்மதியின் கையில் புளி அப்படியே இருந்தது.

"மிதிச்சா. மறுநாளு வலி இல்லக்கான்னா. ஆத்தா எடுத்துக்கினாடின்னு சொல்லிட்டேன். அதையும் நான்தான் சொன்னேன். டேட்டு போயிடுச்சி. தீபாவளிக்கு அப்புறம் ரத்தம் வந்திச்சி. அப்பத்தான் ஆஸ்பத்திரிக்கே போனா. அதுக்குள்ள எலும்புக்கு எறங்கிடுச்சி. அப்புறம் அந்த டாக்டரு கத்தி வெச்சி இன்னா பிரயோசனம்? ஏழு மாசம் வீணாப் போச்சி வளரு. முழுசா ஏழு மாசம்."

சுமலதா சுவரோடு சாய்ந்து நின்றாள். வளர்மதி மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு வருஷமா அவ புள்ளைங்க அந்த டாக்டரை மண்ணை வாரித் தூத்துதுங்க. நீ பக்கத்துல உக்காந்து உச்சு கொட்டினியே. உனக்கு வாயி எங்கக்கா போச்சி?"

"பயம்டி."

"எனக்கும்தான் பயம். நீ ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா இதைக் கட்டியிருப்பனா?" கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இப்ப கட்டிட்டேன். அறுத்தா குத்தம். தாண்டினா குத்தம். அது என் பொண்ணு தலையில வந்து விடிஞ்சா நீயா வந்து நிப்ப?"

"அம்மா, என் தலைய நான் பாத்துக்கறேன்," என்றாள் சுமலதா.

"நீ சும்மா இருடி."

நான் எழுந்தேன். முழங்கால் சொடுக்கியது. வளர்மதியின் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனாலும் வந்தாள்.

பூசாரி தாண்டவராயன் தண்ணீர்ப் பந்தலுக்குக் கீற்று இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"முடியாதவங்க காப்பை இன்னொருத்தரு வாங்கிக்கறது உண்டு. ஆனா வாங்கிக்கினவங்க எல்லை தாண்டக் கூடாது. நெருப்புலயும் எறங்கணும். யாரு வாங்கிக்கறது?"

"நான்தான்."

"ஆண்டாளக்கா, உனக்கு எழுபது ஆவுது. உக்காந்தா எழுந்துக்க ஆள் வேணும். தீயில எப்பிடி?"

"தீயில எவன்டா உக்காரப் போறான்? நடக்கத்தான போறேன்."

அவர் சிரித்துவிட்டார். வளர்மதி சிரிக்கவில்லை. பூசாரி கற்பூரம் காட்டி, அவள் கையில் இருந்த நூலை அவிழ்த்து என் இடது கையில் கட்டினார். நூல் ஈரமாக இருந்தது. அவள் வியர்வையாக இருக்கும்.

கட்டி முடித்த பிறகுதான் வளர்மதிக்கு அது உறைத்தது.

"அப்ப நீ என்கூட வரமாட்ட."

நான் தலையை ஆட்டினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. போவாளா, மாட்டாளா என்று யாரும் சொல்லவும் இல்லை. நான் சோறு தின்னவில்லை.

திங்கட்கிழமை காலை ஏரிக்கரையில் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். எட்டு மணிக்குப் பாண்டி பஸ் வந்தது. வளைவில் மெதுவாகத் திரும்பியபோது ஜன்னலில் சுமலதாவின் முகம் தெரிந்தது. அவளுக்கு அடுத்து வளர்மதி. வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் உயிர் திரும்பி வந்தது.

அவர்களுக்குப் பின்சீட்டில் மஞ்சள் புடவை.

கல்லைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் பஸ்ஸைக் கையால் தட்டி நிறுத்திவிடலாம். காலைத் தூக்கினேன். கையில் நூல் இறுகியது. அவள் துணைக்குப் போகிறாளா, கூட்டிக்கொண்டு போகப் போகிறாளா? "வள்ளி, எங்கிட்ட வாடி, அவளை உட்டுடு," என்று கத்தினேன். பஸ் போய்விட்டது.

மறுநாள் குழாயடியில் யாரும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மண் காய்ந்து கிடந்தது. இரண்டு வருஷமாக அவள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள், குடம் வழிவதுகூடத் தெரியாமல் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் சுமலதாவின் போன் வந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். கட்டியை எடுத்துவிட்டார்களாம். இன்னும் ஊசி மருந்தெல்லாம் இருக்கிறதாம், டெஸ்ட் ரிசல்ட் வந்தால்தான் மிச்சம் தெரியுமாம். பிறகு போனை வளர்மதியின் காதில் வைத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"அக்கா, உம்மேல கோவம் இன்னும் போவல."

"இருக்கட்டும்டி. வந்து திட்டு."

"இங்க கட்டிலாண்ட தரையெல்லாம் ஒரே ஈரம். தொடச்சிட்டுப் போறாங்க, மறுபடி ஈரமாவுது. சுமலதா வழுக்கி வுழப் பாத்தா."

கையில் இருந்த காப்பைப் பார்த்தேன். தீமிதிக்குப் பதின்மூன்று நாள்.

"அது அங்கியே இருக்கட்டும் வளரு," என்றேன். "ஊட்டுக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கினு வா."